இத்தாலிய மட்கலங்களும் அவற்றின் அடிக்குறிகளும்

மட்கலம் திரட்டுவோரை இனங்கண்டுகொள்வது எளிது. பூச்சாடி ஒன்றை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். வண்ணத்தையும் வடிவத்தையும் நோக்குவதற்கு முன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தை நோக்குவார். விருந்துக்குச் சென்ற வீட்டில் இவ்வாறு செய்வது முறையன்று என்பதை அவரும் அறிவார். ஆயினும் கை கேட்பதில்லை. நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இன்று நேயர்களுக்குச் சொல்லப் புகுவது இத்தாலிய மட்கலங்களைப் பற்றி. இத்தாலியக் கலங்கள் என்றவுடன் பிரபுக்களும் போப்பாண்டவர்களும் விருந்துண்ட பழங்காலத் தட்டுகள் நினைவுக்கு வரலாம். நாம் கருதுவன அவையல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ 1970 வரை, நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறைக்கென்று செய்யப்பட்ட கலங்கள் இவை: பூச்சாடி, பழத்தட்டு, மெழுகுவத்தித் தண்டு, மேசை விளக்கின் அடிப்பாகம், குதிரை, காளை, ஆந்தை, பின்னும் சாம்பல் கிண்ணம். அக்காலத்து மக்கள் எவ்வளவு புகைத்தார்கள் என்பதற்கு இச்சாம்பல் கிண்ணங்களின் பெருக்கமே சான்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றை விரும்பித் தேடுவோர் இன்று பலர். நம் நாட்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இவை கண்ணிற் படுகின்றன. மும்பையின் சோர் பஜாரிலும், தில்லியில் அயல்நாட்டுத் தூதரகக் குடும்பங்கள் ஊர்மாறும்போது விற்றுச் செல்லும் வீட்டுச் சாமான்களிடையேயும், தேடுகின்ற கண்ணுக்கு எப்போதேனும் ஒன்று அகப்படும். தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் சிலருக்கு இவ்விடங்கள் எட்டும் தொலைவில் இருத்தலால் இதைச் சொல்கிறோம்.

கவிழ்த்துப் பார்த்தால் அடியில் என்ன காணப்படும்? பெரும்பாலான கலங்களில் தூரிகையால் எழுதிய ஓர் எண் இருக்கும். சில வேளை அவ்வெண்ணுக்குப் பின் ஒரு சாய்கோடும் மற்றோர் எண்ணும் இருக்கும். அதன் அருகில் ஒரே ஒரு சொல்: நாட்டின் பெயர். செய்தவர் பெயர் இராது. பட்டறையின் பெயர் இராது. ஊரின் பெயரும் இராது.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. ஆதலின் அந்த ஒரு சொல்லே முதன்முதலில் நம் கருத்தைக் கவர்ந்தது. இத்தாலியர் தம் நாட்டை 'இத்தாலியா' என்று வழங்குவர். கலத்தின் அடியிலோ அச்சொல் தன் இறுதி உயிரை இழந்து ஆங்கிலேயர் எழுதும் வடிவில் நிற்கிறது. அவ்வடிவை ஆங்கில ஒலிப்புப்படி தமிழில் எழுதினால் நமது காலைச் சிற்றுண்டியின் பெயராகிவிடும். எனவே எழுதாது விடுகிறோம். தன் நாட்டு மண்ணில், தன் கையால் செய்த பொருளின் மேல் தன் நாட்டின் பெயரை ஒருவர் வேற்று மொழியில் எழுதுவானேன்?

காரணம் சுங்கச் சட்டம். 1890-ம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடு ஒரு சுங்கவரிச் சட்டம் இயற்றியது. பின்னர் அந்நாட்டுத் தலைவரான மெக்கின்லியின் பெயரால் அது வழங்கும். அயல்நாட்டிலிருந்து வரும் சரக்கு எந்நாட்டது என்பது, படிக்கத்தக்க ஆங்கிலச் சொற்களால் அதன்மேல் குறிக்கப்படவேண்டும் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. 1930-ம் ஆண்டுச் சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை. செய்தவர் யாவர் என்று சட்டம் வினவவில்லை. அதற்கு வேண்டியது நாட்டின் பெயர். அதுவும் வாங்குவோர் மொழியில். இத்தாலியப் பட்டறைக்காரர் சட்டம் கேட்டதை எழுதினார், கேளாததை எழுதவில்லை. இறக்குமதி செய்யும் வணிகருக்கும் பட்டறையின் பெயர் வெளிப்படுவதால் ஆதாயம் ஒன்றுமில்லை. பெயர் தெரிந்தால் அண்டைக் கடைக்காரர் நேரே அப்பட்டறைக்கு எழுதிவிடுவார் அன்றோ? வணிகர் தம் பெயர் அச்சிட்ட தாள் ஒட்டுச் சீட்டை ஒட்டி விற்றார். அச்சீட்டு முதல்முறை நீரில் கழுவும்போதே போய்விடும். எஞ்சுவது எண்ணும் நாட்டின் பெயருமே.

அமெரிக்காவை நோக்கியே இவ்வளவு கலங்களும் ஏன் புறப்பட்டன என்பதையும் சிறிது கூறவேண்டும். 1944-ம் ஆண்டுக் கோடையில் போர்முனை ஆர்னோ ஆற்றைக் கடந்து சென்றது. பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஃபிளாரன்ஸ் நகரின் பாலங்களுள் பழம்பாலம் ஒன்றைத் தவிர மற்றவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. போர் ஓய்ந்தபோது இத்தாலியில் பணம் இல்லை, எரிபொருள் இல்லை, உள்நாட்டில் வாங்குவார் இல்லை. கைத்திறன் மட்டும் இருந்தது. அந்நிலையில் உதவ முன்வந்தோருள் ஒருவர் மேக்ஸ் அஸ்கோலி. முசோலினியின் ஆட்சி பொறாமல் 1931-ல் நாட்டைவிட்டு அமெரிக்கா சென்று குடியேறிய இத்தாலிய அறிஞர் அவர். இத்தாலியக் கைவினைஞர்களுக்கு மூலப்பொருள் கிடைக்கவும், அவர்கள் பொருள்களுக்கு நியூயார்க்கில் சந்தை கிடைக்கவும் வழிசெய்யும் அமைப்பொன்றை அவர் நிறுவினார். 1948 முதல் மார்ஷல் திட்டத்தின் வழியே அமெரிக்க அரசின் உதவியும் வந்தது. 1950-ம் ஆண்டு நவம்பரில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கண்காட்சி தொடங்கிற்று. 'உழைக்கும் இத்தாலி' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். மூன்றாண்டுகளில் அது 12 அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குச் சென்றது. அங்கு வந்த மக்கள் கண்ணாடி, வைக்கோற்பின்னல், நாற்காலி, மட்கலம் எல்லாவற்றையும் கண்டு வியந்தனர். வியந்ததோடு நில்லாமல் கடைகளிலும் கேட்டனர்.

இனி ஊருக்குச் செல்வோம். ஃபிளாரன்ஸிலிருந்து ஆர்னோ ஆற்றின் போக்கில் மேற்கே சென்றால், பேசா என்னும் சிற்றாறு வந்து கலக்குமிடத்தில் மோன்டெலூப்போ என்னும் சிற்றூர் உள்ளது. பல நூற்றாண்டுகளாக அது குயவர் ஊர். ஃபிளாரன்ஸ் செல்வர்களின் கலங்கள் அங்கு வனையப்பட்டு, ஆற்றின் வழியே கடலுக்குச் சென்றன. 1973-ல் அவ்வூர்க் கோட்டைப் பகுதியில் ஒரு பழங்கிணற்றைத் தோண்டினர். சூளையில் பழுதுபட்டன என்று தலைமுறை தலைமுறையாகக் குயவர்கள் எறிந்த ஓடுகள் அதில் மலைபோல் நிறைந்திருந்தன. இன்று அவ்வூர் அருங்காட்சியகத்தின் செல்வம் அந்தக் குப்பையே.

இவ்வூரில் 1921-ம் ஆண்டு குவீடோ பிட்டோசி என்பவர் ஒரு பட்டறை நிறுவினார். அது இன்றும் நடைபெறுகிறது. 1946-ல் அதன் கலைப் பொறுப்பை ஏற்றவர் ஆல்டோ லோண்டி. அவர் 1911-ல் அவ்வூரிலேயே பிறந்தவர். 11 வயதில் பட்டறை வேலைக்குச் சென்றவர். போரில் சிறைப்பட்டுத் தென்னாப்பிரிக்காவில் கைதியாக இருந்து, போர் முடிந்தபின் ஊர் திரும்பினார். பள்ளியில் கற்ற ஓவியரல்லர் லோண்டி. மண்ணைக் கையால் அறிந்தவர். 2003-ல் அவர் மறையும்வரை அவர் வரைந்த வடிவங்களும் அலங்காரங்களும் எண்ணிலடங்கா. அவற்றுள் பெரும்பகுதியின் அடியில் அவர் பெயர் இல்லை.

லோண்டியின் வேலையுள் உலகறிந்தது 'ரிமினி நீலம்' என்னும் வரிசை. 1950-களில் பிறந்தது அது. ரிமினி என்பது அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ஓர் ஊர். அதன் பெயர் இந்த நீலத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்நீலத்தைக் கண்டவர் மறவார். ஓரிடத்தில் நள்ளிரவு வானம்போல் கருத்தும், ஓரிடத்தில் மயிற்கழுத்துப்போல் பசுமை கலந்தும் அது தோன்றும். ஒரே கலத்தில் இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது என்பதை அறிந்தால், போலியையும் உண்மையையும் பிரித்தறியும் கண் தானே வரும். ஆகவே அதைச் சற்று விரித்துரைப்போம்.

நம் வீட்டு ஊறுகாய்ச் சாடி மிகுந்த வெப்பத்தில் சுடப்பட்டுக் கல்போல் இறுகியது. அதன் மண்ணே நீரை உறிஞ்சாது. இத்தாலியக் கலமோ நம் மண்பானைக்கு உறவு. ஏறத்தாழ 1000 டிகிரி வெப்பத்தில் சுட்ட, நீரை உறிஞ்சும் மென்மையான மண். அதன்மேல் கண்ணாடி போன்ற மெருகைப் பூசி இரண்டாம் முறை சூளையில் இடுவர். முன்னாளில் இம்மெருகில் வெள்ளீயத்தைச் சேர்த்து, மண்ணின் செந்நிறம் தெரியாதபடி வெண்மையாக்கி, அவ்வெண்மைமேல் ஓவியம் தீட்டினர். 'மயோலிகா' என்பது அதற்குப் பெயர். மயோர்க்கா என்னும் ஸ்பெயின் நாட்டுத் தீவின் பெயரிலிருந்து அது வந்தது என்பர். பிரெஞ்சுக்காரர் அக்கலத்தை 'ஃபயான்ஸ்' என்பர். அது ஃபயென்ஸா என்னும் இத்தாலிய ஊரின் பெயர். மட்கலங்கள் செல்லும் ஊர்களில், புறப்பட்ட ஊரின் பெயரால் அழைக்கப்படுதல் உலக வழக்கு. நம் 'பீங்கான்' என்னும் சொல்லும் வெளியிலிருந்து கப்பலேறி வந்ததே.

லோண்டி ஓவியம் தீட்டுவதை விடுத்து முத்திரையைக் கையிலெடுத்தார். கலம் வனைந்து பாதி உலர்ந்த நிலையில், வட்டம், முக்கோணம், சீப்பின் பற்கள் போன்ற வடிவங்கள் செதுக்கிய சிறு கருவிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினர். நம் வீடுகளில் சீடைக்கும் முறுக்குக்கும் இடும் கவனம் இருக்கிறதே, அத்தகைய கைவேலை அது. வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான அழுத்தங்கள். பின்பு சுட்டு, நீல மெருகு பூசி, மீண்டும் சுடுவர். உருகிய மெருகு பள்ளங்களில் தேங்கி ஆழ்ந்த நிறங் கொள்ளும். மேடான விளிம்புகளில் மெலிந்து வெளிறும். கருநீலமும் மயில்நிறமும் ஒரே கலத்தில் தோன்றுவதன் மறைபொருள் இதுவே. கையால் அழுத்தியதாதலால் இரண்டு வட்டங்கள் ஒருபோதும் ஒத்திரா. ஒன்று சற்றே சாயும், ஒன்று சற்றே ஆழும். அச்சில் வார்த்த போலிக் கலத்தில் எல்லா வட்டங்களும் ஒழுங்காகப் பள்ளிப் பிள்ளைகள் போல் நிற்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். இன்னுமொன்று: பிட்டோசிப் பட்டறை இவ்வரிசையை இன்றும் செய்து விற்கிறது. அது போலியன்று, ஆனால் பழமையுமன்று. புதியதைப் பழையதென்று விற்பாரிடம் எச்சரிக்கை வேண்டும்.

பிட்டோசிக் கலங்களை அமெரிக்காவில் விற்றோருள் முதன்மையானவர் நியூயார்க் வணிகர் இர்விங் ரிச்சர்ட்ஸ். அவர் நிறுவனத்தின் பெயர் ரேமோர். 1950-களின் நடுவில் அவர் கட்டடக் கலைஞர் ஒருவரை மட்கலங்கள் வரைந்து தரும்படி கேட்டார். அக்கலைஞர் எட்டோரே சோட்சாஸ். 1917-ல் பிறந்து 2007-ல் மறைந்த அவர், ஓலிவெட்டி நிறுவனத்துக்காக 1969-ல் செய்த செந்நிறத் தட்டச்சுப் பொறியால் உலகப் புகழ் எய்தினார். அதுவரை மட்கலத்தில் அவர் கைவைத்ததில்லை. வரைபடத்தைக் கலமாக்கும் வித்தையில் அவருக்குத் துணைநின்றவர் லோண்டி. தடித்த உருளைகள், வட்டத் தட்டுகள், வண்ணப் பட்டைகள் எனச் சோட்சாஸின் கலங்கள் வந்தன. அவை வீட்டுச் சாமான்போல் இல்லை. சிறு கட்டடங்கள்போல் இருந்தன.

நம் நாட்டுக்கும் இக்கதைக்கும் உள்ள மெய்யான தொடர்பு இங்கேதான். 1961-ல் சோட்சாஸ் தம் மனைவி ஃபெர்னாண்டா பிவானோவுடன் இந்தியாவில் பயணம் செய்தார். ஊர் திரும்பிச் சிறிது காலத்தில், 1962-ல், கொடிய நோய்வாய்ப்பட்டார். கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ என்னும் ஊர் மருத்துவமனையில் நெடுநாள் கிடந்து உயிர் மீண்டார். மீண்டவர் 1963-ல் செய்தவை 'இருளின் கலங்கள்' என்னும் வரிசை. சாவை அருகிருந்து கண்டவர் செய்தவை அவை. மறு ஆண்டு, 1964-ல், 'ஓஃபெர்த்தே ஆ ஷீவா' என்னும் பெயரில் தட்டுகளின் வரிசை ஒன்றைச் செய்தார். 'சிவனுக்கு' என்பது தெளிவு. முதற்சொல்லை எவ்வாறு தமிழாக்குவது? காணிக்கை என்னலாம், நேர்ந்துகொண்டதைச் செலுத்தும் பொருள் அதில் உண்டு. ஆயினும் தட்டு என்பது எதையேனும் வைத்துப் படைப்பதற்குரியதன்றோ? ஆதலின் 'சிவனுக்குப் படையல்' என்றே நாம் சொல்வோம். பேரொப்பனை ஏதுமில்லாத வட்டத் தட்டுகள் அவை. மண்நிறமும் வட்டங்களும் கோடுகளுமே அலங்காரம். 1960-களின் பிற்பகுதியில் 'யந்திரம்', 'தந்திரம்' என்னும் நம் சொற்களையே பெயராகக் கொண்ட கலவரிசைகளும் அவரிடமிருந்து வந்தன. வடிவங்களைத்தான் எடுத்துக்கொண்டார், சமயத்தையன்று எனக் குறைகூறுவாரும் உளர். 'படையல்' தட்டுகளைப் பொறுத்தவரை அக்குறை பொருந்தாது என்பது நம் கருத்து. உயிர் மீண்டவன் எங்கேனும் நன்றி சொல்லியே ஆகவேண்டும். தான் கண்ட கோயில்களுள் ஒன்றின் திசையை நோக்கிச் சொன்னான், அவ்வளவே.

சோட்சாஸ் கலங்கள் இன்று ஏலக் கூடங்களில் பெருவிலை பெறுகின்றன. மாதச் சம்பளக்காரர் அவற்றை நூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் கண்டு மகிழ்வதே தகும்.

கையொப்பமிட்ட கலைஞர்களும் அக்காலத்தில் இருந்தனர். நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலோரமாயுள்ள வியேட்ரி என்னும் குயவர் ஊரிலிருந்து ஃபிளாரன்ஸுக்குக் குடிபெயர்ந்த குவீடோ கம்போனே, தம் பெயரோடு ஒரு சிறு கழுதையையும் வரைந்தார். கழுதை வியேட்ரி ஊரின் செல்ல விலங்கு. வாழ்ந்த ஊரை விட்டு வந்தவர் ஊரின் அடையாளத்தை விட்டுவிடவில்லை என்பதை அந்த நான்கைந்து கோடுகள் காட்டும். ஃபிளாரன்ஸ்காரரான மார்செல்லோ ஃபான்டோனி 1936-ல் பட்டறை தொடங்கி 2011 வரை வாழ்ந்தவர். தம் பெயரைத் தாமே எழுதுவார். இவ்விருவருங்கூடப் பெயருக்குப் பின் அந்த ஆங்கிலச் சொல்லை எழுதத் தவறவில்லை. சுங்க அதிகாரிக்குக் கலைஞன் வேறு, சரக்குக்காரன் வேறு அல்லன்.

சேகரிப்புத் தொழிலின் மெய்யான இடர் கையொப்பமில்லாக் கலங்களில்தான் உள்ளது. மோன்டெலூப்போவிலும் அதனருகேயுள்ள ஊர்களிலும் பட்டறைகள் பல இருந்தன. ஃபான்சியுல்லாச்சி உடன்பிறந்தார் பட்டறை ஒன்று. லாஸ்ட்ரா ஆ சீன்யாவில் ஆல்வினோ பான்யியின் பட்டறை மற்றொன்று. ஒரே மண், ஒத்த மெருகு, ஒரே வணிகர், ஒரு பட்டறையில் தொழில் கற்று மறு பட்டறைக்குச் சென்ற தொழிலாளிகள். ஆகவே கலங்களும் உடன்பிறந்தார்போல் ஒத்திருக்கும். விற்பவரோ, நீலமாக இருந்தால் பிட்டோசி என்பார். கீறல் வேலையாக இருந்தால் ஃபான்டோனி என்பார். புகழ்பெற்ற பெயர் ஒட்டினால் விலை இரட்டிக்கும். இவ்வாறு ஒரு பெயர் வளர்ந்து வளர்ந்து, அருகிலிருந்த பல பட்டறைகளின் நினைவை விழுங்கிவிடுகிறது. சுங்கச் சட்டம் ஒரு முறை அவர்கள் பெயரை மறைத்தது. சந்தை மறுமுறை மறைக்கிறது. பெயரில்லாக் கலத்துக்கு உறுதியின்றிப் பெரும்பெயர் சூட்டுவதை நாம் ஏற்பதில்லை. மூலத்தில் இல்லாத சொல்லை அழகுக்காகச் சேர்க்கும் மொழிபெயர்ப்பாளனுக்கும் அவ்வாறு செய்பவனுக்கும் வேறுபாடில்லை.

அடிக்குறி என்பது எத்துணைப் பெரிய சான்று என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ளது எடுத்துக்காட்டு. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, சிவந்து வழுவழுப்பான ஓடுகள் சில கிடைத்தன. டஸ்கனி நாட்டு அரெட்ஸோ நகரின் பெயரால் வழங்கும் உரோமானியக் கலவகை அது. மோன்டெலூப்போவைத் தொட்டு ஓடும் அதே ஆர்னோ ஆறுதான் அரெட்ஸோவை அண்டியும் வளைந்து செல்கிறது. அவ்வோடுகளுள் சிலவற்றின் நடுவே குயவர் முத்திரை இருந்தது: விபியே, கமூரி, இட்டா. நாட்டின் பெயரன்று, ஆட்களின் பெயர். கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கலங்கள் செய்யப்பட்டன என்பது இத்தாலிய ஆய்வால் முன்னரே அறியப்பட்டிருந்தது. அதைக் கொண்டு, அரிக்கமேட்டில் அதே அடுக்குகளில் கிடைத்த நம் நாட்டு மட்கலங்களின் காலத்தையும் வீலர் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலின் கால வரிசைக்கு அந்தச் சில ஓடுகள் ஊன்றுகோலாயின. தமிழ் எழுத்தில் பெயர் கீறிய உள்ளூர் ஓடுகளும் அவ்விடத்திலேயே கிடைத்தன. 20 நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த கலத்தைச் செய்தவர் பெயரை நாம் அறிவோம். 1955-ல் செய்து நியூயார்க்குக்கு அனுப்பிய கலத்தைச் செய்தவர் பெயரை அறியோம்.

இக்குறையை நீக்க இத்தாலியரே முயன்று வருகின்றனர். பிட்டோசிக் குடும்பத்தார் தம் பழைய கலங்களையும் ஆவணங்களையும் திரட்டி மோன்டெலூப்போவில் ஓர் அருங்காட்சியகம் அமைத்துள்ளனர். வடிவ எண்களைப் பழைய பதிவுகளோடு ஒத்துப் பார்க்க இத்தகைய ஆவணங்களே வழி. ஃபயென்ஸாவின் கதை இன்னும் உருக்கமானது. 1908-ல் கயட்டானோ பல்லார்டினி அங்கு மட்கல அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். 1944 மே 13-ம் நாள் விமானக் குண்டு வீச்சில் அது தூளாயிற்று. 36 ஆண்டு உழைப்பு ஓட்டுக் குவியலாகக் கிடந்தது. பல்லார்டினி சோர்ந்துவிடவில்லை. உலகெங்கும் கடிதம் எழுதிக் கலங்களை வேண்டினார். பல நாடுகளிலிருந்து வந்தன. பிக்காசோவும் தாம் செய்த கலங்களை அனுப்பினார். உடைந்த ஓடுகளில் ஒட்டத்தக்கவற்றை ஒட்டினர். இன்று உலகின் மிகப் பெரிய மட்கல அருங்காட்சியகங்களுள் அது ஒன்று.

வாங்க எண்ணுவோர்க்குச் சில செய்திகள் சொல்லவேண்டும். கலத்தைத் தட்டிப் பாருங்கள். முழுக்கலம் ஒலிக்கும், மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி மங்கும். சந்தையில் தேங்காய் வாங்கிப் பழகிய காதுக்கு இது கடினமன்று. மெருகின்மேல் வலைபோல் நுண்கோடுகள் ஓடுவது வேறு. மெருகும் மண்ணும் குளிரும்போது ஒத்த அளவில் சுருங்காமையால் அது நேர்வது. முதுமையில் நரைபோல, அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் அக்கோடுகளின் வழியே நீர் உள்ளே சென்று மண்ணில் ஊறும். எனவே பழைய பூச்சாடியில் நீரை நிறுத்தாதீர்கள். உணவும் வைக்காதீர்கள், அக்காலத்து மெருகுகளில் காரீயம் சேர்ந்திருக்கக் கூடும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கைக் கலத்தின்மேல் பிடித்தால், உடைந்ததை ஒட்டி வண்ணம் பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறமாக ஒளிரும். அடியில் துளை இருந்தால், அது பூச்சாடியாகப் பிறந்து பின்பு விளக்காக மாற்றப்பட்டதாக இருக்கலாம். துளையின் விளிம்பில் மெருகு வழிந்திருந்தால் பட்டறையிலேயே இட்ட துளை. மெருகு சிதறியிருந்தால் பின்னாளில் குடைந்தது. அடியில் மெருகு படாத வளையத்தில் மண்ணின் நிறம் தெரியும். டஸ்கனிக் கலங்களில் அது பெரும்பாலும் இளஞ்சிவப்பு. எஞ்சிய ஒட்டுச்சீட்டை ஒருபோதும் கழுவிவிடாதீர்கள். வேறெங்கும் எழுதப்படாத வரலாறு அதிலே இருக்கும்.

ஒவ்வொரு கலத்துக்கும் ஓர் அட்டை வைத்துக்கொள்ளுதல் நன்று. வாங்கிய நாள், இடம், விலை, உயரம், எடை, மண்ணின் நிறம், அடிக்குறி ஆகியவற்றை அதில் எழுதவேண்டும். விற்றவர் சொன்னதைத் தனியே எழுதி, 'விற்றவர் கூற்று' என்று குறிக்கவேண்டும். நம் சொந்தக் கருத்தைப் பென்சிலால் எழுதுவதே நம் வழக்கம். அழிக்க வேண்டிய காலம் வரக்கூடும்.

நம்மிடமுள்ள கலங்கள் மூன்றே. அவற்றுள் ஒன்று, தில்லியில் ஊர்மாறிச் சென்ற ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தாரிடம் வாங்கிய நீலச் சாடி. ஒரு சாண் உயரம். பிட்டோசி என்றே விற்றனர். அடியில் மூன்று இலக்க எண்ணும் நாட்டின் பெயரும் உள்ளன. முத்திரை அழுத்தங்கள் இருக்கின்றன; ஆனால் அவை நாம் நூல்களில் கண்ட லோண்டியின் முத்திரைகளோடு ஒத்துவரவில்லை. ஆகவே அட்டையில் 'இத்தாலி, டஸ்கனி ஆகலாம், பட்டறை அறியப்படவில்லை' என்று எழுதியுள்ளோம். சாடியை மெருகில் தோய்த்தவர் அதன் அடியைப் பற்றியிருந்த இடத்தில் மெருகு படாமல் மூன்று விரல்தடங்கள் நிற்கின்றன. நம் விரலை வைத்துப் பார்த்தால் அத்தடத்தில் அடங்குவதில்லை. நம் பதினொரு வயது மகளின் விரல் சரியாகப் பொருந்துகிறது. அளவுகோலால் அளந்து, அகலத்தை மில்லிமீட்டரில் மையினாலேயே எழுதி வைத்திருக்கிறோம்.